உப்பில் தோற்றிருக்கலாம்

எட்டாவது அடுப்பில் ஆளில்லை.
மற்றவர்கள் வெங்காயம் வதக்குகிறார்கள்.
'நிகழ்ச்சியின் நேர்மையைக் கருதி' என்று
ஒரே மூச்சில் வாசித்துவிட்டுத் தொகுப்பாளினி
மசாலாக் கம்பெனி விளம்பரத்துக்குப் போய்விட்டாள்.

கலியவரதன் மேல் போட்ட பழைய எஃப்.ஐ.ஆர்
மதியத்துக்குள் தேவனாம்பட்டினம் முழுக்க
போன் போனாக ஏறி இறங்கியது.
இரண்டாம் பத்தியில் நான் இருக்கிறேன்.
பெயர் தப்பு. வயது சரி.
இடது கையில் இரண்டு விரல்கள், அதுவும் சரி.

வலைத் தகராறு. பதினோரு வருஷம் ஆகிறது.
அவனுக்குக் கேப்பர் மலையில் மூன்று ஆண்டு.
அங்கேதான் கரண்டி பிடித்தான்,
எழுநூறு பேருக்குச் சாம்பார்.
எனக்கு இன்றைக்கும்
கைலி முடிச்சு ஒழுங்காக நிற்பதில்லை.

வழக்கு உண்டா என்ற கட்டத்தைப்
படிவத்தில் காலியாக விட்டிருந்தானாம்.
என்ன எழுதுவான்?
அந்த இடமே ஒரு விரல் அகலம்.

பாண்டியிலிருந்து வந்த சேனல் பையன்
'மன்னிச்சிட்டீங்களா அண்ணே,
கையக் கொஞ்சம் லைட்டுக்கு நேரா' என்றான்.
கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டேன்.
மன்னிக்கவில்லை தம்பி, எழுதிக்கொள்.
இதையும் எழுதிக்கொள்:
ஒரு சனிக்கிழமை விடாமல் பார்த்தேன்.
அவன் சுறாப்புட்டு உதிர்க்கும்போதெல்லாம்
உப்புக் கூடிப் போகட்டும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
'பதம் நல்லாத்தான் வருது அவனுக்கு'
என்று பூரணி சொன்னதற்கு
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நடுவர் ஒரு வாய் வைத்து
முகம் சுளித்து
போய்வா என்று சொல்ல வேண்டும்.
நான் கேட்டது அவ்வளவுதான்.

என் விரல்களுக்கு
நீதிபதி ஒருமுறை கணக்குப் போட்டார்.
எனக்கு அது பத்தவில்லை.
பத்தாத பாக்கியை
மசாலாக் கம்பெனி எதற்கு வசூலிக்கிறது,
என் பேரைச் சொல்லி,
என்னைக் கேட்காமல்,
எழுத்துப் பிழையோடு?

நேற்று விடியலில் துறைமுகத்துக்கு வந்தான்.
முதுநகரில் மறுபடி கடை திறக்கிறானாம்.
எல்லாரும் ஐஸ் பெட்டி பக்கம் ஒதுங்கினார்கள்.
'சுறா கிலோ என்ன'
தராசைப் பார்த்துக் கேட்டான்.
மூன்று விரலில் தராசு ஆடி
முள் நிற்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.
ஊருக்குச் சொல்லும் விலையைத்தான் சொன்னேன்.
குறைக்கவில்லை.
ஏற்றவும் இல்லை.
பைக்குத் தனியாக இரண்டு ரூபாய்.