பச்சைக் கோடு போட்ட படகு

கூடாரத்துக்குக் கால் நாலு.
நாலும் லேசு என்று
காற்றுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.
பளு கொண்டுவரவில்லையா என்றாள்
பக்கத்துக் கடை சோப்புக்காரி செலஸ்தீன்.
எந்தப் பளு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
தன் வண்டியிலிருந்து
நாலு பெயின்ட் வாளியை இறக்கி
பூங்காக் குழாயில் தண்ணீர் பிடித்து
காலுக்கு ஒன்றாய்க் கட்டிவிட்டாள்.
கடை விரிக்கும் முன்பே எனக்கு ஒரு கடன்.

பதினேழு ஓவியங்கள்.
பதினேழும் எங்கள் துறைமுகம்,
ஃபண்டி விரிகுடா தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டபின்:
சேற்றில் அடிவயிறு படிய
ஒருக்களித்துக் கிடக்கும் படகுகள்.

விலைச் சீட்டை நேற்றிரவு
மூன்று தரம் எழுதினேன்.
நூற்றிருபது, கை கூசியது.
எண்பது, வயிறு எரிந்தது.
தொண்ணூற்றைந்தில் தூங்கிப்போனேன்.

பத்து மணிக்குச் சனம் வந்தது.
தெரிந்த சனம்.
இருபத்திரண்டு வருஷம்
தபால் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த முகத்தை
வெயிலில் பார்க்க அவர்களுக்குச் சங்கடம்.
"ஒதீல், என் பார்சல்
ஹாலிஃபாக்ஸிலேயே படுத்துக்கிடக்கிறதாமே?"
"திங்கட்கிழமை விடுமுறையா?"
திறந்திருக்கும் என்றேன்.
ஓவியங்களுக்கு முதுகு காட்டி நின்று
ஒருத்தி முகவரி மாற்றம் பற்றி விசாரித்தாள்.
அதற்கும் பதில் சொன்னேன்.

வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும்
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி
எட்டாவது படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
திரும்பினார்.
கழிப்பறை எந்தப் பக்கம் என்றார்.

விற்கிறவள் எங்கே பார்க்க வேண்டும்?
முகத்தைப் பார்த்தால் கையேந்துவது போல.
மடியைப் பார்த்தால் கடை பூட்டியது போல.
லாவெண்டர் சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எடுக்கிறார்கள், முகர்கிறார்கள், வாங்குகிறார்கள்.
எவ்வளவு சுலபம், மூக்குக்கு விற்பது.

மூன்று மணி வாக்கில்
சிங்கி இறால் ரொட்டியைக் கடித்தபடி
ஒனெசிமும் வில்ஃபிரெடும் வந்தார்கள்.
"இது எமில் சுரெத்தின் படகு."
"எமிலுக்குப் பச்சைக் கோடு ஏது?
இது என் மாமனாருடையது."
"உன் மாமனார் படகுக்கு
மூக்கு இவ்வளவு நிமிர்ந்தா இருந்தது?"
"கடன்காரன் கொண்டுபோகும்வரை
நிமிர்ந்துதான் இருந்தது."

சத்தம் கேட்டு ஆள் கூடியது.
நெருங்கி வந்தார்கள், குனிந்தார்கள்,
கயிற்று முடிச்சை எண்ணினார்கள்,
ஆளுக்கொரு படகின் பெயர் சொன்னார்கள்.
காலையிலிருந்து யாரும் பார்க்காத படத்தை
இப்போது கண்ணால் உரித்தார்கள்.
வரைந்தவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?
மூக்கு ஒரு படகில் எடுத்தது.
கூண்டு இன்னொன்றில்.
பச்சைக் கோடு
அன்று தட்டில் மிஞ்சிய நிறம்,
காய்ந்து வீணாகப் போகிறதே என்று இழுத்தது.

இருபது டாலர் பந்தயம்.
"எமிலிடமே கொண்டுபோய்க் காட்டுகிறேன்"
என்று ஒனெசிம்
ஐந்து இருபதுகளை மேசையில் வைத்தார்.
சில்லறை கொண்டுவர மறந்திருந்தேன்.
மீதி ஐந்துக்குத் தபால்தலை தரட்டுமா என்று
வாய்வரை வந்துவிட்டது.
"இருக்கட்டும் ஒதீல்."

காகிதத்தில் சுற்றி, மூலை மடித்து
நூல் கட்டும்போது மட்டும்
கை நடுங்கவே இல்லை.

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.
அங்கே, உருளைக்கிழங்கு வறுவல் வரிசையில்
ஆறாவதாக நிற்கிறது
நான் பிப்ரவரி முழுக்க விழித்து வரைந்த சேறு.
அவர் அதைக் கீழே வைக்கிறார்.
ஐயோ, புல் ஈரம், என்று எழுந்தேன்.
உட்கார்ந்தேன். இனி அது அவருடைய ஈரம்.

கடை வாடகை எழுபது,
சட்டம் முப்பத்தொன்று.
ஒரு டாலர் நஷ்டம்.
செலஸ்தீனிடம் சோப்பு ஒன்று வாங்கினேன்.
ஏழு டாலர் நஷ்டம்.

வாளிகளைக் கவிழ்த்தபோது
தண்ணீர் செருப்புக்குள் போயிற்று.

திங்கட்கிழமை எமில் வருவார்,
ஓய்வூதியக் கடிதம் கேட்டு.
கண்ணாடியில் குனிந்து
"அது என் படகில்லையே" என்பார்.
தெரியும் என்பேனா,
நாள் முத்திரையை ஓங்கிக் குத்தி
அடுத்தவரைக் கூப்பிடுவேனா.