முந்திய பெயர்

அல் ஐன். குதிரைமசால் வயலின்
விளக்குப் பொறியில் விழுந்தவை.
ஐரோப்பியத் தத்துப்பூச்சி, சரக்கோடு வந்திருக்கலாம்.
ஒரே அச்சில் நான்கு இனம்;
ஆணின் வயிற்று நுனியைக் காரத்தில் வேகவைத்துப் பிரித்தால்
எதுவென்று தெரியும்.
பெண்ணுக்கு அதுவும் இல்லை.
'பெண். இனம் தெரியவில்லை.'
பென்சிலால் எழுதிக் குப்பிக்குள் போடுகிறேன்.

இதில் ஒன்றுக்கு, இருபது வருட இடைவெளியில்,
இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்.
பிந்தியது எவ்வளவு அழகாயிருந்தாலும்
முந்தியதே செல்லும். விதி.

"மேடம் சங்கிலிமுத்து!"
வாசலில் காவலாளி. வேன் வந்துவிட்டது.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தார்கள்;
அது முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.
அப்பா விமானமே ஏறியதில்லை.
அரபு எழுத்தில் அவருக்கு
ஒரு புள்ளி குறைகிறது.

வருகிறேன் என்று குரல் கொடுத்து
ஆல்கஹால் குப்பியை மூடுகிறேன்.

பிந்திய பெயரை வைத்தது
அம்மா.