நான்காம் கட்ட மின்வெட்டு

எட்டு மணிக்குப் போகும் என்றிருந்தார்கள்.
எட்டு அடித்து இரண்டு நிமிடம் பொறுத்துப் போனது.
கிராஃப்ட்டீன் மேட்டின் ஜன்னல்கள்
ஒரே மூச்சில் அவிந்தன.
மடிக்கணினியில் நாற்பத்தொரு விழுக்காடு உயிர்.
அதற்குள் ஒரு விண்மீன்.

விண்மீனைப் பார்ப்பதில்லை நான்.
அதை மறைக்கத்தான் இத்தனை பாடு.
சிலிப் பாலைவனத்தில், தொலைநோக்கியின் தொண்டைக்குள்
கடுகிலும் சிறிய ஒரு கறுப்புப் பொட்டு
வெளிச்சத்தின் நெற்றிக்கு நேரே.
அப்போதுதான் சுற்றியிருக்கும் தூசி
கொஞ்சம் வாய் திறக்கும்.

தூசி என்றால் வட்டம். வட்டத்துக்குள் வட்டம்.
இரண்டுக்கும் நடுவே இருண்ட சந்து,
யாரோ பெருக்கிக்கொண்டே நடந்த மாதிரி.
பெருக்கியது யார் என்பதுதான் கேள்வி.
சந்தின் ஓரத்தில் ஒரு புள்ளி.
ஆறு வாரமாக
அந்தப் புள்ளியோடுதான் குடித்தனம்.

கேட்டைக்குச் சற்று மேற்கே இருக்கிறது அந்த விண்மீன்.
பெயர் கிடையாது, எண்தான்,
அடகுச் சீட்டில் இருப்பதுபோல.
இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை வேறு.
கேட்டை இருக்கிறது, கிழமை இருக்கிறது,
மூட்டையைத்தான் காணோம் என்று
கேப் டவுனுக்குச் செய்தி அனுப்பினேன்.
நவநீதன் பதில் போடவில்லை.
அவனுக்கும் இருட்டாக இருக்கலாம்.

லாரன்ஸ் செட்டி வீட்டு ஜெனரேட்டர்
இரண்டு முறை இருமி நின்றது.
மேல்மாடி நொம்புலேலோ இரவுப்பணிக்குக் கிளம்பி
கைபேசி வெளிச்சத்தில் ஒற்றைக் காலணியோடு வந்தாள்,
மற்றது என் வாசலுக்கு உருண்டிருக்கிறதா என்று கேட்க.
கேட்டவள் திரையைப் பார்த்தாள்.
நடுவில் ஏன் ஓட்டை?
அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது என்றேன்.
சரிதான், என்றாள். மின்வாரியத்தில் வேலையா உனக்கு?
சிரித்துக்கொண்டே காலணி கிடைக்காமல் போனாள்.

முப்பது விழுக்காடு.

சேர்த்து அடுக்கிய படத்தில் புள்ளி இருக்கிறது.
தனித்தனியாகவும் பார்த்தீர்களா என்று
மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதியிருந்தார்.
அந்த ஒரு வரியை ஒன்பது நாள்
திறக்காத கரண்டு பில்லாக வைத்திருந்தேன்.

நான்கு மணி நேரம், அறுபத்து நான்கு படங்கள்.
அதற்குள் வானம் திரும்பும், கருவி திரும்பாது.
வானத்துச் சரக்கு படத்துக்குப் படம் நகரும்.
கண்ணாடியின் கறை
இருந்த இடத்தில் இருக்கும்.
அவ்வளவுதான் சோதனை.
பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்துவிடும்,
அந்தப் புள்ளிமேல் ஆசை வைக்காதிருந்தால்.

முதல் படம். பத்தாவது. இருபத்தேழு.
வட்டம் செக்குமாடாய் மெல்லத் திரும்புகிறது.
சந்தும் கூடவே திரும்புகிறது.
புள்ளி அசையவில்லை.
நாற்பது. ஐம்பத்தொன்று.
டர்பன் துறைமுகத்துக்கு வெளியே
இடம் கிடைக்காமல் நங்கூரமிட்ட கப்பல் அது.
அசையவே இல்லை.

பதினேழு விழுக்காட்டில் மூடிவிட்டு வெளியே வந்தேன்.
மேடு முழுக்க இருட்டு.
தலைக்கு மேலே தேள்,
கொடுக்கு நுனிவரை முழுசாக,
இங்கே குடிவந்த மூன்று வருடத்தில் முதல்முறை.
கேட்டை சிவந்து கிடந்தது.
அதன் பக்கத்தில் என்னுடையது தெரியவில்லை.
வெறும் கண்ணுக்குத் தெரிகிற சாதி இல்லை அது.

சந்து பொய்யில்லை, அதுவரை சரி.
யாரோ அங்கே பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
நான் காட்டிய ஆள் அவரில்லை.

படிக்கட்டில் எதையோ மிதித்தேன்.
நொம்புலேலோவின் மற்றக் காலணி.
எந்தக் காலணியோடு போனாளோ.
அவள் கதவடியில் வைத்துவிட்டு இறங்கும்போது
பத்தரைக்குக் கரண்டு வந்தது.
மேடே கூவியது.
தேளை யாரோ வழித்தெடுத்துக்கொண்டார்கள்.

மூட்டை கிடைத்துவிட்டது,
என்று நவநீதனுக்கு அனுப்பினேன்.
பிறகு சோறு வைத்தேன்.