நடுக்கத்தின் அகலம்

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து, அதன்மேல் யாரோ சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
மூன்றாம் மாடி, ஸ்கேனர் முன்னால்
அர்வெட் குஸ்க். நகரப் பேருந்து ஓட்டியவர்.
"கையை அசைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அசையாத கை என்றால்
அவர் ஏன் இங்கே வரப்போகிறார்?

திரையில் ஒரு கட்டைவிரல் மூன்றாக விழுந்தது.
அழித்தேன். அடுத்தது ஐந்தாக.
அழித்தேன்.
"என் கை சரிப்படாது, லெய்டாவின் கையை எடுத்துக்கொள்ளுங்கள்.
அவள்தான் மாத்திரை உடைப்பவள்" என்றார்.
கால் மாத்திரை, அதிலும் பாதி.
சமையல் கத்திக்குத் தப்பித் தெறித்து
பாதி நாள் மருந்து அடுப்புக்கு அடியில்தானாம்.

நாலாவது படத்தை அழிக்கவில்லை.
பிழை என்று நான் தள்ளியதுதான்
அவருடைய கை.
விரல் போய்வரும் அகலம் பதினொரு மில்லிமீட்டர்.
பள்ளத்தை அந்த அகலத்துக்கே வரைந்தேன்.

சிலந்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாற்போல்
இரவெல்லாம் அச்சு இயந்திரம்
இழைமேல் இழை வைத்தது.
காலையில் கைக்கு அடக்கமாய் ஒரு டப்பா.
உள்ளே ரெய்மோ வைத்த சின்னக் கதவு,
கடுகு மாத்திரைகளை ஒவ்வொன்றாய் விட.
மணிக்கட்டுப் பட்டையில் நடுக்கம் எண்ணும் சில்லு.
நொடிக்கு ஐந்து தரம் ஆடினால் திறக்கும்,
மருத்துவர் கையெழுத்திட்ட வரம்பு மட்டும்.

மார்ச் ஒன்பது. கோடு பேய் பிடித்தாற்போல் எகிறியது.
போன் போட்டேன்.
பட்டையைக் கழற்றி வாஷிங் மெஷின்மேல் வைத்திருந்தாராம்.
ரெய்மோ விழுந்து விழுந்து சிரித்தான்.
நான் ஒரு வரி சேர்த்தேன்:
தோலின் சூடு இல்லையா, எண்ணாதே.

மார்ச் இருபத்திரண்டு.
கோடு படுத்துக் கிடந்தது,
நாற்பத்தியொரு நிமிடம்.
தோலின் சூடு இருக்கிறது. நாடி இருக்கிறதா?
அதை எண்ண நாங்கள் எதுவும் வைக்கவில்லை.
நல்லதா கெட்டதா என்று
படுத்த கோடு சொல்லாது.

எடுத்தவள் லெய்டா. குரலைத் தாழ்த்தி,
"இப்போது வேண்டாம், அப்புறம் கூப்பிடுங்கள்.
ஊசியில் நூல் கோக்கிறார்."

குறிப்புக் கட்டத்தில்
'பிழை இல்லை' என்று எழுதி மூடினேன்.
வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் தோன்றியது,
என்ன தைக்கிறார் என்று கேட்டிருக்கலாம்.