நிறுவைச் சீட்டின் பின்பக்கம்

பப்பாளி கூடவே கூடாது என்றது காப்பிக்கடை.
பழுத்ததென்றால் பரவாயில்லை என்றது
அதே மேசையின் மறுமுனை.
இளநீர் குளிர்ச்சி. இளநீர் சளி.
இரவில் நகம் வெட்டினால் பிள்ளைக்கு ஆகாது.
செம்பனைக் குலை நிறுத்த சீட்டுகளின் பின்பக்கம்
ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன்.
லோரிக்காரன் வேறெதில் எழுதுவான்?

ஏழாம் மாதம், நடுச்சாமம்.
கோகிலவாணிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.
பெனடால் கொடுக்கலாமா?
அக்காவுக்குப் போன் போட்டேன். கொடு என்றாள்.
பின்னாலிருந்து அத்தான்: கொடுத்துடாத!
மாத்திரை என் உள்ளங்கை வியர்வையில்
மாவாகிக்கொண்டிருந்தது.
ஈரத்துணியை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டு அவள்தான் சொன்னாள்:
"ஊரையெல்லாம் கேட்டது போதும், வண்டிய எடுங்க."

குலை வாசம் வீசும் லோரியிலேயே
சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.
அங்கேயும் அதே மாத்திரைதான்.
ஆனால் இரத்தம் எடுத்து,
டெங்கி இல்லை என்று பார்த்து,
பிள்ளையின் துடிப்பை எங்களுக்கும் கேட்கவைத்து
அதன் பிறகு கொடுத்த மாத்திரை.

பையன் பிறந்தான். வீட்டுக்கு வந்த மறுநாள்
மிஸி ரொஸ்னானி வந்தார்.
மூக்கு நுனியை விரலால் அழுத்தி, விட்டு,
அந்த ஒரு நொடியின் நிறத்தைப் பார்த்தார்.
மஞ்சள்.
பிறகு குனிந்து மோந்தார்,
பிள்ளையை அல்ல, சட்டையை.
"உபாட் கெகாட்?"

அந்துருண்டை.
மலாயில் அதற்கும் மருந்து என்றுதான் பெயர்.
அக்கா ஆசையாய்க் கொடுத்தனுப்பிய பெட்டி;
மூன்று பிள்ளைகள் போட்டுப் பஞ்சாய்ப் போன துணிகள்;
மடிப்புக்கு மடிப்பு வெள்ளை உருண்டைகள்.
இளஞ்சிவப்புப் புத்தகத்தில்
ஜி சிக்ஸ் பி டி என்று சிவப்பில் வட்டமிட்டிருந்ததை
இரத்த வகை என்று நினைத்திருந்தோம்.
ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள்.
அன்றைக்கு நான் தலையாட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என்னிடம் முப்பத்தெட்டு "வேண்டாம்"கள் இருந்தன.
எண்ணிப் பார்த்தேன்.
அந்த ஒன்று இல்லை.

நீல விளக்கின் கீழே
கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தான்,
வெயில் காய வந்த வெள்ளைக்காரன் மாதிரி.
கோகிலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.
அக்கா போனில் ஒரே பாட்டம்:
"என் மூணுக்கும் ஒண்ணும் ஆகலியேடா!"
ஆகவில்லைதான் அக்கா.
பெட்டியை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டேன்,
உன்னை இல்லை.

இப்போதும் சீட்டில் எழுதுகிறேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இருநூற்று ஐம்பத்து நான்கு.
நூற்றுத் தொண்ணூறு.
முன்பக்க எண் ஏறினால் கூலி.
பின்பக்க எண் இறங்கினால்
ஸ்டேரிங்கை ஒருமுறை தட்டிக்கொள்வேன்.

நேற்று காப்பிக்கடையில்
பெண்டாட்டி முழுகாமல் இருக்கும் மணிமாறன்
என்னைக் கேட்டான். வாய் வரைக்கும் வந்தது.
கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் சொன்னேன்.

பப்பாளி வழக்கு
இன்னும் அதே மேசையில் நடக்கிறது.