காரணம்: மற்றவை

வெள்ளி இரவு எட்டே முக்காலுக்கு வந்தது அறிவிக்கை.
டெல்லியிலிருந்து ஒன்றரைப் பக்கம்.
வெங்காயம் இனி வெளியே போகாது,
மறு உத்தரவு வரும் வரை.

எனக்கு வெங்காயம் என்றால்
பூஜ்ஜியம் ஏழு பூஜ்ஜியம் மூன்று.
பதினோரு வருடமாய்
சரக்குகளுக்கு எண் போட்டுப் போட்டு
சாம்பாரில் மிதப்பதைக்கூட
நாலு இலக்கத்தில்தான் பார்க்கிறேன்.

தூத்துக்குடியில் இரண்டு பெட்டிகள் நம்முடையவை.
ஒன்று கப்பலில் ஏறிவிட்டது.
மற்றதன் முறை வரும்போது
கிரேன் நாற்பது நிமிடம் மக்கர் செய்ததாம்.
ஏறியது ஏற்றுமதி.
ஏறாதது வெறும் காய்கறி.

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து
மீரான்கனி நானா:
"விலை பேசி வாக்குக் கொடுத்துட்டேன் புள்ள.
ஒரு கையெழுத்துத்தானே?"
கையெழுத்துத்தான் நானா.
ஆனால் அந்தப் பேனா
என் மேசையில் இல்லை.

பக்கத்து மேசை ஹுவீ லிங்
நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்:
பாலத்துக்கு அந்தப் பக்கம் கோழியை நிறுத்தினார்களே,
அப்பா கடையில் மூன்று வாரம்
கொக்கி மட்டும் தொங்கியது.
"இருந்தாலும்
அவங்க பிள்ளைக்குத்தானே முதல்ல சோறு போடுவாங்க."
மறுக்கத் தோன்றவில்லை.
ஒத்துக்கொள்ளவும் வாய் வரவில்லை.

பத்து மணிக்கு
ஒட்டன்சத்திரத்திலிருந்து நாத்தனார் குரல் செய்தி:
"அண்ணி, வெங்காயம் சடார்னு எறங்கிப்போச்சு!
ரெண்டு கிலோ கேட்டா மூணா அள்ளிப் போடுறான்!"
அவள் சிரிப்புக்குப் பின்னால்
யாரோ ஒரு மூட்டையை அவிழ்த்து
தரையில் கொட்டும் சத்தம்.
ஒரே செய்தியில் இரண்டும்.
மூன்று தடவை கேட்டேன்.

இந்தத் துறைமுகம் எதையும் தடுக்காது என்பார்கள்,
மது, புகையிலை, வண்டி, பெட்ரோல் தவிர.
'தவிர' என்ற சொல்லில்தான்
எனக்குச் சம்பளம்.

போன மாதம் துவாஸ் முனையில்
ஒரு காகிதத்துக்காக வெயிலில் காத்திருந்தேன்.
காலடியில் கான்கிரீட்.
கான்கிரீட்டுக்கு அடியில்
இருபத்தைந்து பூஜ்ஜியம் ஐந்து:
மணல், இயற்கையானது.
ஒரு நாடு நிறுத்தியது. பிறகு இன்னொன்று.
அவர்கள் ஆற்றுக்கும் தீவுக்கும் அது நியாயம்தான்.
நிறுத்துவதற்கு முன்பு வந்து இறங்கிவிட்ட மணல்மேல்
குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.
இந்த மணலுக்கும் ஒரு கிரேன் இருந்திருக்கும்.
அதற்கு அன்று
நாற்பது நிமிடம் மக்கர் செய்திருந்தால்
கடலில் அல்லவா நின்றிருப்பேன்.

நானா மறுபடி அழைத்தார்.
சீனத்துச் சரக்கு எடுக்கிறாராம், வேறு வழியில்லை.
"ஆனா அது பெருசா இருக்கும் புள்ள, காரம் இருக்காது.
பிரியாணிக்காரங்க திட்டுவாங்க."
அதற்கும் எண் அதேதான் என்றேன்.
எண்ணுக்குக் காரம் தெரியாது.

பதினொன்றே கால். ஏறாத பெட்டியின் அனுமதியை
ரத்து செய்ய வேண்டும்.
திரை கேட்கிறது: காரணம்?
எழுத்துப்பிழை. அளவு மாற்றம்.
கப்பல் மாற்றம். வாங்குபவர் விலகல்.
'பசி' என்று ஒன்று இல்லை.
'தேர்தல்' என்றும் இல்லை.
கடைசியில் இருப்பதைத் தட்டினேன்.

மின்தூக்கியில் ஹுவீ லிங் கேட்டாள்,
"ஏன் உன் கண்ணு சிவந்திருக்கு?"
ஏசி, என்றேன்.