ஒரு தேக்கரண்டி மஞ்சள்

வந்திறங்கியபோது அது நீலமாயிருந்தது.
பாம்பு தீண்டிய உடம்பில் பாரிக்கும் நீலம்.
கூண்டுக் கதவில் ஒட்டிய தாளில் மட்டும்
சாவகப் பச்சை வால்காக்கை என்றிருந்தது.
"பச்சைப் பொய்" என்றேன்.
டிலிஸுக்கு அதை விளக்கத்
தேநீர் இடைவேளை போதவில்லை.

செஸ்டரில் அன்று ஆலங்கட்டி மழை.
கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருபத்தாறு டிகிரி,
குழாய் வழியே பனிமூட்டம்.
டிலிஸ் சொன்னாள்:
நீலம் பறவையின் சொந்தச் சரக்கு,
இறகின் கட்டுமானத்திலேயே இருக்கிறது.
மஞ்சள்தான் வெளியிலிருந்து வரவேண்டும்,
காட்டுப் பூச்சி, அந்தப் பூச்சி தின்ற இலை.
இரண்டும் கூடினால் பச்சை.
சந்தையில் வெறும் சோற்றைப் போட்டிருக்கிறார்கள்,
காடு வடிந்துவிட்டது.

ஆக, என் வேலை காடு.
காலை ஆறேகாலுக்கு, ரப்பர் பூட்ஸோடு.
பன்னிரண்டு வெட்டுக்கிளி, கால் கிள்ளியது.
பப்பாளி, துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கியது.
மேலே செண்டுமல்லி இதழ்ப் பொடி
ஒரு தேக்கரண்டி, தலைதட்டி.
பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர்கள்
என் நகங்களைப் பார்த்து
நல்ல சமையற்காரி என்று நினைத்திருக்கலாம்.

பாட்டு? அதையும் சொல்லவேண்டும்.
மார்கழி முழுக்க அது பாடியது
ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பாமல் இருமுவதை.
மூன்று உதை, ஓர் இருமல், மறுபடி மூன்று உதை.
எந்தத் தெருவில் எவன் வண்டியோ,
கடைசிவரை கிளம்பவேயில்லை.

தை பிறந்து இறகு உதிர்ந்தது.
முதலில் தொண்டையில் ஒரு நெல் அளவு பச்சை.
பிறகு தோள்.
பிறகு ஒரு திங்கட்கிழமை
இடப்பக்கம் பச்சையும் வலப்பக்கம் நீலமுமாய்
சாயத்தொட்டியிலிருந்து பாதியில் உருவிய சேலை மாதிரி
என்னைப் பார்த்துத் தலை சாய்த்தது.
கோபமாய்த்தான்.

உதிர்ந்ததை உறையிலிட்டுத் தேதியெழுதி
ஒப்படைக்கவேண்டும், அது விதி.
நாற்பத்திரண்டு ஒப்படைத்தேன்.
கடைசி நீல இறகு
என் அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.
திருட்டு என்றால் திருட்டு.
அது ஒன்றுதான் முழுக்க அதனுடையது,
என் கரண்டி படாதது.

இன்று பங்குனி வெயில், கூரை கண்ணைக் கூசுகிறது.
பெண் பறவையை அடுத்த கூண்டில் விட்டோம்.
வலைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் ஏதோ சொல்ல
இது யோசித்தது.
மூன்று முறை உதைத்தது.
பொடிக் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றேன்.

நான்காவதாக ஒன்று வந்தது.

பதிவேட்டில் 'குரல்: புதிது' என்று போட்டேன்.
நிறம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.